கூட்டத்தில் பேசாதே

அன்புள்ள மகனுக்கு,

மிளகாய் ஊறுகாய் வந்து சேர்ந்ததா? கொடுத்துவிட்டதாகக் கூரியர்காரர் சொல்கிறார். உன்னிடமிருந்துதான் சத்தமே இல்லை. வேலை நெருக்கடி என்கிறார் அப்பா. பெரியம்மா மகள் வேறு ஏதோ சொன்னாள். நான் எதுவும் கேட்கவில்லை.

பழைய செய்தித்தாள்களை எடைக்குப் போட எடுத்தபோது லோ ஜிவெய்யின் படம் கண்ணில் பட்டது. 2013-இல் அவர் சீன நிதியமைச்சர் ஆனபோது, நானும் அந்த அமைச்சகத்தில்தான் வேலை பார்ப்பேன் என்றாய். அதைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். கடற்படை, சிங்குவா பல்கலைக்கழகத்தில் கணினி, அப்புறம் பொருளாதாரம் என்று சுற்றி வந்து மேலே போனவர். மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையிலான 1994 வரிப் பங்கீட்டை வகுத்தவர்களில் ஒருவர். மதிப்புக் கூட்டு வரியில் 75 விழுக்காடு பெய்ஜிங்குக்கு, மிச்சம் 25 நம்மைப் போன்ற உள்ளூர் அரசுகளுக்கு. சம்பளம் எங்கே என்று ஆசிரியர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள், உன் அப்பா உட்பட. மறு ஆண்டே அவர் நம் குய்சோ மாகாணத்துக்குத் துணை ஆளுநராக வந்தார். வரட்டும், பற்றாக்குறை என்றால் என்னவென்று பார்க்கட்டும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டோம்.

2007-இல், அரசுப் பணத்தை வெளிநாடுகளில் முதலீடு செய்யும் சீன முதலீட்டுக் கழகத்தின் முதல் தலைவர். கையில் 20,000 கோடி டாலர். பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தில் போட்ட 300 கோடி டாலர் சரிந்தபோது இணையத்தில் அவர் வாங்காத திட்டு இல்லை. தாங்கிக்கொண்டார், அமைச்சரும் ஆனார். திட்டு பெரிதல்ல, மகனே. வாய்தான் பெரிது. 2019 மார்ச்சில், ‘சீனத் தயாரிப்பு 2025’ என்ற அரசின் தொழில் வளர்ச்சித் திட்டம் வரிப்பணத்தை வீணடித்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதம் சமூகப் பாதுகாப்பு நிதியத்தின் தலைவர் பதவியில் அவர் இல்லை. ஓய்வு வயது கடந்திருந்தது என்பதும் உண்மைதான். இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை.

கூட்டத்தில் பேசாதே. மேலதிகாரி கேட்டால் எழுதிக் கொடு. கேட்காவிட்டால் அதுவும் வேண்டாம். அவர் எல்லாப் பதவியும் பார்த்துவிட்டுப் பேசினார். நீ நேற்றுச் சேர்ந்தவன். உள்ளூர்க் கடன் பற்றித்தானே பேசினாய்? சரியாகத்தான் இருக்கும், கணக்கை என்னிடம் கற்றவன் நீ. அப்பா பக்கத்து வீட்டில் பெருமை பேசக் கிளம்பிவிட்டார், நான்தான் அடக்கினேன். இருந்தாலும் கூட்டத்தில் பேசாதே.

வசந்த விழாவுக்கு டிக்கெட் விற்பனை தொடங்கியதும் எடுத்துவிடு. குய்யாங் வரை போதும், அங்கிருந்து அப்பா அழைத்து வருவார். விடுமுறை கிடைக்காது என்றால் எழுது. நிறையவே கிடைத்துவிட்டது என்றாலும் எழுது.

அம்மா