லாகீஸின் மாட்டுவண்டி

அன்புள்ள ஜெபராஜ்,

ஏழு மாதமாக உனக்குப் பதில் எழுதாமல் இருந்தது என் தவறு, மன்னித்துக்கொள். இங்கே அனைவரும் நலம். மதினிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாகச் சின்னவன் சொன்னான், சந்தோஷம்.

மண்ணைத் தோண்டியவர்கள் பழைய ஏற்பாட்டை மெய்யென்று காட்டிவிட்டார்களா என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்டிருந்தாய். பரீட்சைக்கு முந்தின இரவு பாடம் முழுவதையும் ஒரு வரியில் சொல்லச் சொன்ன அதே ஆள்தான் நீ! அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லாததால்தான் கடிதம் தள்ளிப்போயிற்று. சென்ற மாதம் மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தபோது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் யூதா நாட்டுக் கோட்டை நகரான லாகீஸின் முற்றுகைச் சிற்பங்களின் முன் வெகுநேரம் நின்றேன்.

கி.மு. 701இல் யூதாவின்மேல் படையெடுத்த அசீரிய மன்னன் சனகெரிப், நினிவேயில் தன் அரண்மனைச் சுவரில் பதித்துவைத்த கற்பலகைகள் அவை. மதிலை நோக்கி எழுப்பிய சாய்தளத்தின்மேல் இடிபொறிகள் ஏறுகின்றன. மேலிருப்பவர்கள் தீப்பந்தங்களை வீசுகிறார்கள். ஓரிடத்தில், பெண்களும் பிள்ளைகளும் மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சுகளோடு ஊரைவிட்டுப் போகிறார்கள். அந்தச் சாய்தளம் இன்றும் லாகீஸ் மேட்டில் கிடக்கிறது. டேவிட் உசிஷ்கின் 1973 முதல் அங்கே அகழ்ந்தபோது, அதைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான அம்புமுனைகள் கிடைத்தன. சாலமோன் சார் வகுப்பில் இராஜாக்களின் புத்தகத்தை எத்தனை முறை வாசித்திருப்போம்! அங்கே லாகீஸ் ஒரு பெயராக வந்து போகிறது. அந்த ஊர் எரிந்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சனகெரிப்புக்கோ, எருசலேமைப் பிடித்ததாகச் சொல்ல முடியவில்லை. அரண் சூழ்ந்த 46 பட்டணங்களைப் பிடித்தேன், யூதாவின் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப்போல எருசலேமில் அடைத்தேன் என்பதோடு அவனுடைய களிமண் பட்டயம் நின்றுவிடுகிறது. கப்பமாக 30 தாலந்து பொன் என்று இரண்டு பக்கமும் ஒரே கணக்கைச் சொல்கின்றன. வெள்ளியை வேதம் 300 தாலந்து என்கிறது, அசீரியன் 800 என்கிறான். ஒருவரையொருவர் பார்த்து எழுதாத இரண்டு பகையாளிகள் இவ்வளவு நெருங்கி வருவது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. ஆனால் ஒரே இரவில் அசீரியப் படையில் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் பேர் மாண்டதாக வேதம் சொல்வதைப் பற்றி மண் எதுவும் சொல்லவில்லை.

ஆகவே, நீ எழுதியிருந்த துண்டறிக்கையைப் பற்றி மனம்விட்டுச் சொல்கிறேன். யோசுவாவின் நாளில் விழுந்ததாக வேதம் சொல்லும் எரிகோவின் இடிந்த மதில் கிடைத்துவிட்டது என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அச்சடித்துக் கொடுக்காதே. 1930களில் அங்கே அகழ்ந்த கார்ஸ்டாங் அப்படித்தான் நம்பினார். 1952 முதல் 1958 வரை அதே மேட்டைத் தோண்டிய கேத்லீன் கென்யன், அவர் காட்டிய மதில் யோசுவாவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது என்று மண்ணடுக்குகளையும் பானையோடுகளையும் கொண்டு நிறுவினார். எகிப்திலிருந்து புறப்பட்ட ஆறு லட்சம் புருஷரின் கதையும் அப்படித்தான். அவ்வளவு பெரிய கூட்டம் சீனாயில் தங்கியதற்கான தடம் இதுவரை கிடைக்கவில்லை. 1993இல் தாண் மேட்டில் அவ்ராஹாம் பிரான் குழுவினர் கண்டெடுத்த அரமேயக் கல்வெட்டில் ‘தாவீதின் வீடு’, அதாவது தாவீதின் அரசவம்சம், என்ற சொல் இருப்பதைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல். அதை வைத்து அவனுடைய ராஜ்யத்தின் எல்லைகளை அளந்து காட்டாதே.

நம் டேனியலை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். எரிகோவைப் பற்றி நாம் அடித்துச் சொன்னதைக் கல்லூரியில் ஒருவர் பத்தே நிமிடத்தில் உடைத்தபோது, நாம் சொன்ன மற்ற எல்லாவற்றையும் அவன் அதோடு சேர்த்தே விட்டுவிட்டான். அவன் கோபம் நியாயமானது என்று இப்போது நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு எசேக்கியாவின் சுரங்கத்தைச் சொல்லிக்கொடு. எருசலேமில் கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம்வரை, பாறைக்குள் ஏறத்தாழ 530 மீட்டர் வளைந்து வளைந்து போகிற வாய்க்கால் அது. 1880இல் அதற்குள் நடந்த ஒரு சிறுவனின் கண்ணில் ஓர் எபிரெயக் கல்வெட்டு பட்டது. இரண்டு முனையிலிருந்தும் வெட்டி வந்த ஆட்கள், மூன்று முழம் பாறை மீதி இருக்கையில் ஒருவரையொருவர் கூப்பிடும் குரலைக் கேட்டார்களாம். பிறகு உளிக்கு உளி எதிர்ப்பட்டு வெட்டி முடிக்க, 1,200 முழத்துக்குத் தண்ணீர் ஓடிற்றாம். ராஜாவின் பெயர் அதில் இல்லை. வெட்டியவர்களின் குரல் இருக்கிறது.

சிற்பங்களின் படங்கள் நான்கை இதனுடன் வைத்திருக்கிறேன். மாட்டுவண்டிப் படம் சாலமோன் சாருக்கு. அவருக்குப் பார்வை மங்கியிருந்தால், வண்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து நீயே சொல்.

அன்புடன்,
உன் தேவசகாயம்