கால் ஸ்டாக்கைப் பார்த்தால் காரணம் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்வர் மந்தமானதும் புது மெஷின் வாங்கச் சொல்வது பல அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. தரவுத்தள சர்வர்களைப் பராமரிப்பவள் என்ற முறையில் எனக்கு இது வருத்தம் தருகிறது. காரணத்தைக் கண்டறியும் கருவிகள் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலோடு இலவசமாகவே வருகின்றன. கர்னல் நிரலாளர் ஸ்டீவன் ரோஸ்டட் எழுதத் தொடங்கிய எஃப்டிரேஸ் என்ற கருவி 2008-லும், பெர்ஃப் என்ற கருவி 2009-லும் கர்னலில் சேர்ந்தன.

வட்டுக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் இவற்றால் பதிவு செய்ய முடியும். ஆனால் பதிவுகள் வெள்ளமாகக் கொட்டும். பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எண்ணை வைத்து வடிகட்டினால் போதாது. ஒரே தரவுத்தளப் பிராசஸ்தான் படிக்கிறது, எழுதுகிறது, எழுதியதை வட்டில் உறுதியாகப் பதியச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பை விடுத்துக் காத்தும் நிற்கிறது. கோரிக்கை எந்த வழியாக வந்தது என்று தெரிய வேண்டும். பெர்ஃபிடம் கேட்டால் நிகழ்வோடு கால் ஸ்டாக்கையும், அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியலையும், பதிந்து தரும். அதில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் 'எக்ஸ்ட்4_சிங்க்_ஃபைல்' ஃபங்ஷன் உள்ளவற்றை மட்டும் எடுத்தால், எஃப்சிங்க் கிளப்பியவை தனியே வந்துவிடும். கணினிச் செயல்திறன் வல்லுநர் பிரெண்டன் கிரெக்கின், ஸ்டாக்குகளைப் படமாக்கும் ஃபிளேம்கிராஃப் தொகுப்பிலுள்ள ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஸ்டாக்கையும் ஒரே வரியாக மடித்துத் தருகிறது. அதன்பின், சொல் உள்ள வரிகளைத் தேடி எடுக்கும் கிரெப் கட்டளை போதும்.

ஆனால் கம்பைலர் இன்லைன் செய்துவிட்ட, அதாவது அழைத்த இடத்திலேயே கலந்துவிட்ட, ஃபங்ஷனின் பெயர் ஸ்டாக்கில் வராமல் போகலாம். கோப்பு முறைமையின் மாற்றக் குறிப்பேடான ஜர்னலை எழுதுவது தரவுத்தளப் பிராசஸ் அல்ல, கர்னலுக்குள் தனியே ஓடும் ஜேபிடி2 என்ற த்ரெட். அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில், செல்போன் அறிமுகங்களுக்கு நடுவே, இதற்கும் மாதம் ஒரு பத்தி ஒதுக்குங்கள். மாணவர்கள் பழைய லேப்டாப்பில்கூட இதைச் செய்துபார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஓசூர்