வடசென்னை மக்களின் ஓய்வு நேரத்துக்கு ஏற்ப பூங்கா, விளையாட்டு, கடலோர வசதிகள் வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்
புது வண்ணாரப்பேட்டைப் பகுதிப் பெண்கள்,
சென்னை.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: வடசென்னை மக்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள், அதில் அவர்களுக்குத் திருப்தி உண்டா என்று வீடு வீடாகக் கேட்டறிந்து, அதன்படி வசதிகள் செய்து தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் கல்யாணமாகி இங்கே வந்து 22 வருடம் ஆகிறது. வீட்டிலேயே தையல் வேலை. கணவருக்குத் துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலை. எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் கூடிப் பேசி, அவர்கள் சார்பாக இதை எழுதுகிறேன்.

எங்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் கல்லு மேல் போய் உட்காருவதுதான். கடல் அரிப்பைத் தடுக்க எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கொட்டியிருக்கும் பாறைகளைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் ஃபிளாஸ்கில் டீ, ஒரு டப்பா சுண்டல் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். வரிசையாக வரும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகளின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வேண்டும். அங்கே விளக்கும் இல்லை, கழிப்பறையும் இல்லை. போன வருடம் என் மாமியார் அடுத்த கல்லுக்குக் கால் வைக்கும்போது சறுக்கி, இரண்டு பாறைக்கு இடையில் கால் மாட்டிக்கொண்டது. கணுக்கால் வீங்கி மூன்று வாரம் படுத்துவிட்டார். அதிலிருந்து அவர் வருவதே இல்லை. நாங்கள் திரும்பும் வரை வாசற்படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, வடக்கே நகர்ந்து வந்த மணல் அதன் தென்பக்கம் தேங்கியதால்தான் மெரினா அவ்வளவு அகலமானது. அந்த மணல் இந்தப் பக்கம் வராமல் நின்றதால் ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்துப் போனது. துறைமுகம் எங்கள் வீட்டுக்கும் சோறு போடுகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் போன கரைக்கு ஈடாக, கால் வழுக்காமல் உட்கார ஓர் இடம் கேட்பது நியாயம்தானே?

பூங்காவே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். இருக்கும் பூங்கா எங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பூட்டியிருக்கிறது. காலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். கை ஓய்வது மதியம் 2 மணிக்கு. அப்புறம் இரவுச் சாப்பாடு முடிந்து எட்டரைக்கு. அது எந்தப் பூங்கா, யார் பராமரிப்பு என்று இங்கே எழுதவில்லை. ஒருவர் மேல் புகார் சொல்வது இந்த மனுவின் நோக்கம் அல்ல.

2019-இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிய வந்தது. மிச்சமிருக்கும் நேரம் பெண்ணுக்கு எப்போது கிடைக்கிறது என்று பார்க்காமல் பூங்கா நேரத்தை முடிவு செய்தால், அங்கே பெண்கள் வர மாட்டார்கள்.

கேரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். வடசென்னையில் இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. எங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபோது இந்தப் பகுதியே கொண்டாடியது. ஆனால் தெருமுனை கிளப்களில் டியூப் லைட்டுக்குக் கீழே போர்டைச் சுற்றி நிற்பது முழுக்க ஆண்கள்தான். என் மகளுக்கு 13 வயது. வீட்டுத் தரையில் போர்டை வைத்து, பவுடருக்குப் பதில் மைதா தூவி ரெட் (சிவப்புக் காய்) போட்டுப் பழகுகிறாள். ரெட்டுக்கு அடுத்து இன்னொரு காயையும் குழியில் தள்ளி ஃபாலோ போட்டதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்! அவள் தைரியமாகப் போய் விளையாட ஓர் அறை கிடையாது.

2024 மார்ச்சில் முதலமைச்சர் தங்கசாலையில் தொடங்கிவைத்த வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 4,181 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதில் நீரூற்று, செல்ஃபி பாயின்ட் என்று முடிவு செய்வதற்கு முன் எங்களைக் கேளுங்கள். குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்டுப் போகாமல் பெண்கள், வயதானவர்கள், பிள்ளைகள் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பூங்காக்களை மதியமும், இரவு 10 மணி வரையும் விளக்கோடும் காவலரோடும் திறந்து வையுங்கள். வார்டுக்கு ஒரு கேரம் அறை, அதில் பெண்களுக்கென்று நேரம். பாறைச் சுவரை ஒட்டிக் கைப்பிடியுள்ள நடைபாதை, கழிப்பறை, சாலையைக் கடக்க சிக்னல். இவற்றில் பாறை ஓர நடைபாதையை முதலில் எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

கணக்கெடுக்க வருகிறவர்கள் மதியம் 2 மணிக்கு மேல் வரட்டும். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் வீட்டில் இருப்போம்.

நன்றி.

இப்படிக்கு,
புது வண்ணாரப்பேட்டைப் பகுதிப் பெண்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)