கி.பி. 166-இல் வந்தது ரோமானியத் தூதா? வரலாற்று வீடியோ போடும் நண்பர்களுக்குத் திறந்த மடல்

வணக்கம்.

'ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் 166-இல் சீனத்துக்குத் தூது அனுப்பினார்.' இந்த வரி உங்கள் ஸ்கிரிப்டில் இருந்தால், ஒலிப்பதிவுக்கு முன் திருத்துங்கள்.

முதன்மை ஆதாரம் 5ஆம் நூற்றாண்டில் ஃபான் யே தொகுத்த 'ஹோ ஹான் ஷூ' என்ற சீன வரலாற்று நூல். தா சின் நாட்டு அரசர் ஆன்துன்னின் தூதர்கள் ரிநான் (இன்றைய மத்திய வியட்நாம்) எல்லை வழியாக யானைத்தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமை ஓடு ஆகியவற்றைக் கொண்டுவந்தார்கள் என்கிறது. தா சின் என்றால் ரோமானிய உலகம். ஆன்துன் என்பது அந்தோனினஸ்; மார்க்கஸுக்கும் அவருக்கு முன் ஆண்ட அந்தோனினஸ் பயஸுக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆகவே பெயர் பொருந்துகிறது. சரக்குதான் உதைக்கிறது. கண்ணாடி, பவளம், பொன் இழை நெய்த துணி என்று தா சின் பொருள்களை அதே நூல் பட்டியலிடுகிறது. வந்தவர்களிடம் அவற்றில் ஒன்றுகூட இல்லை. கொண்டுவந்த மூன்றும் இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் கிடைப்பவை. காணிக்கையில் அரிய பொருள் எதுவுமில்லையே என்று அந்த நூலே சந்தேகப்படுகிறது! ரோமானியத் தரப்பில் இந்தத் தூது பற்றி ஒரு வரியும் இல்லை. வந்தவர்கள் தூதர் என்று சொல்லிக்கொண்ட வணிகர்களாக இருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கணிப்பு. காணிக்கை என்று நீட்டினால் அரசவை வரவேற்பும் பதில் பரிசும் கிடைக்கும் அல்லவா?

மீகாங் கழிமுகத்து ஓக் இயோவில் கிடைத்த அந்தோனினஸ் பயஸ் பதக்கத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் அது பொருள் அங்கே போனதற்குச் சான்று. ரோமானியர் போனதற்கு அல்ல.

அடுத்தது வரைபடம். பழைய சீனத் தலைநகர் சாங்கானிலிருந்து ரோம் வரை ஒட்டகத்தை நடக்கவிடாதீர்கள். 97-இல் சீனப் படைத்தலைவர் பான் சாவ் தா சின்னுக்கு அனுப்பிய தூதர் கான் யிங் மேற்கே ஒரு கடற்கரையோடு திரும்பிவிட்டார். காற்று வாய்த்தால் மூன்று மாதம், வாய்க்காவிட்டால் இரண்டு ஆண்டு, மூன்றாண்டு உணவு வேண்டும் என்று பார்த்திய (அன்றைய ஈரானியப் பேரரசு) மாலுமிகள் அவரை மிரட்டியிருந்தார்கள். பட்டு வணிகத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தியர் தா சின்னை மறித்தார்கள் என்று நூல் வேறோரிடத்தில் சொல்கிறது. வரைபடத்தில் பாதைக் கோடு பார்த்தியாவில் முறிந்து, சரக்கு கைமாறுவதைக் காட்டுங்கள்.

சீனாவின் கான்சு மாகாணத்து லிச்சியனில் ரோமப் படைவீரர்கள் குடியேறிய கதையை விட்டேவிடலாம். 1957-இல் சீனவியல் அறிஞர் ஹோமர் டப்ஸ் வைத்த ஊகம் அது; அங்கே ஒரு ரோமானிய நாணயமும் ஆயுதமும் அகப்படவில்லை.

இப்படிக்கு,
பழஞ்சீன வரலாறு வாசிக்கும் சிலர்