அது அலாட்டா அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் தோட்டப் பகுதியில், பூச்சிகளைக் குடுவையில் பிடித்து உண்ணும் குடுவைச் செடி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படம் அழகு. அதன் கீழே 'நெப்பந்தஸ் அலாட்டா' (நெப்பந்தஸ் என்பது குடுவைச் செடிப் பேரினம், அலாட்டா அதில் ஓர் இனம்) என்று போட்டிருந்ததுதான் உறுத்தியது. இடுப்பு சிறுத்து அடி பருத்த அந்தக் குடுவையைப் பார்த்தால் எனக்கு வென்ட்ராட்டாவாகத்தான் தெரிகிறது. அது தனி இனம் அல்ல. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த வென்ட்ரிகோசாவும் அலாட்டாவும் கலந்து பிறந்ததாகச் சொல்லப்படும் கலப்பினம். வீட்டில் எளிதாக வளரும் என்பதால் நர்சரிகளில் அதிகம் கிடைப்பது இதுதான்.

கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2019இல் நானும் ஒரு நர்சரியில் 'கசியானா' என்று சீட்டு குத்திய தொட்டியை வாங்கி வந்தவள்தான். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ், மேகாலய மலைகளுக்குரியது, காரோ மக்கள் பேயின் கூடை என்று பொருள்படும் பெயரால் அழைப்பது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்துக் குடுவைகள் பெரிதானபோது செடி வளர்க்கும் தோழி ஒருத்தி பார்த்துச் சிரித்தாள். அதுவும் வென்ட்ராட்டா!

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2013இல் மார்ட்டின் சீக், மேத்யூ ஜெப் என்ற தாவரவியலாளர்கள் அலாட்டாவின் எல்லையைச் சுருக்கி, அதுவரை அந்தப் பெயருக்குள் அடைபட்டிருந்த சில செடிகளைத் தனி இனங்களாகப் பிரித்தார்கள். அதன்படி வென்ட்ராட்டாவின் ஒரு பெற்றோர் அலாட்டாவே அல்ல, அப்படிப் பிரிந்த கிராசிலிஃப்ளோராவாக இருக்கக்கூடும். "இவர்களுக்குப் பெயர் மாற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லையா?" என்று வளர்ப்பவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் காரணம் சொல்லி, அச்சிட்டு மாற்றுகிறார்கள். நாமோ விலை கூடும் என்பதற்காக மாற்றுகிறோம்.

விதை விற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. பல வகைகளை ஒன்றாகத் தொங்கவிட்டிருக்கும் இடத்தில் எந்த மகரந்தத்தை எந்தப் பூச்சி கொண்டுவந்தது என்று யார் பார்த்தார்கள்? ஆனாலும் 'மிராண்டா விதை' என்று பொட்டலம் கட்டி விற்கிறார்கள். மிராண்டா என்பது ஒரே செடியிலிருந்து பெருக்கப்பட்ட ரகத்தின் பெயர். தண்டை வெட்டி நட்டால் அந்தப் பெயர் கூடவே வரும். விதையில் முளைப்பது வேறு செடி, அதற்கு அந்தப் பெயரில் உரிமை இல்லை. தெரிந்தே கலந்த செடிக்குப் பெருக்கல் குறி போட்டு, தாய்ச்செடியின் பெயரை முதலில் எழுதுவது வளர்ப்பவர்களிடையே நல்ல வழக்கம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கசியானாவை நினைத்துப் பார்க்கட்டும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் பட்டியலில் அது இருக்கிறது. என்னைப் போல் சீட்டை நம்பியவர்கள் தங்கள் செடியை உண்மையான கசியானாவுக்கு இணை சேர்த்து விதை எடுத்தால், இரண்டு தலைமுறைக்குப் பிறகு கசியானா சீட்டில் மட்டும்தான் இருக்கும்.

என் தொட்டியில் இப்போது உள்ள சீட்டு: 'பெயர் உறுதியில்லை. வென்ட்ராட்டாவாக இருக்கலாம். நர்சரியில் வாங்கியது, 2019.' அடுத்த இதழில் உங்கள் படக்குறிப்பையும் இதுபோல் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி