பூசின சேத்தை நானே கழுவுன கதை

மாப்ள சேகரு,

உன் மெயிலுக்கு பதில் போட இம்புட்டு நாள் ஆனதுக்கு திட்டாத. முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வாக்கர் இல்லாம நடக்க ஆரம்பிச்சுட்டேன்னு எழுதியிருந்தத படிச்சதும்தான் நிம்மதியாச்சு, ஆனா மாடிப்படி ஏறி எறங்குற வேலையெல்லாம் இப்பவே வச்சுக்காத, தங்கச்சிக்கு தனியா போன் போட்டு சொல்லிடுவேன். சின்னவனுக்கு வேலை கெடச்சதுக்கு என் வாழ்த்தச் சொல்லு. இங்க எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு சுகர் மட்டும் ஏறி எறங்கி வெளையாட்டு காட்டுது.

ரிட்டயர் ஆகி வீட்ல என்னதான்டா பண்றேன்னு கேட்டிருந்த. டேங்க் கட்டுறேன். இதையே எதிர் வீட்டுக்காரர்கிட்ட சொன்னப்ப எத்தனை ஆயிரம் லிட்டர்னு கேட்டாரு. அந்த டேங்க் இல்ல, சண்டை டேங்க், பிளாஸ்டிக்ல, 35ல ஒரு பங்கு சைஸ்ல. ஹாஸ்டல்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஏரோபிளேன் ஒட்டி, றெக்கை கோணலா போய், அத மறைக்க சில்வர் பெயிண்ட அள்ளி அடிச்சோமே, ஞாபகம் இருக்கா? அந்த கிறுக்குதான் முப்பது வருஷம் தூங்கிட்டு இப்ப முழிச்சிருக்கு.

இந்த பைத்தியம் புடிச்சவன் எல்லாம் மொதல்ல ஜெர்மன் டைகர்தான் கட்டுவான். நான் கட்டுனது எம்3 லீ, ரெண்டாம் உலகப்போர்ல ஓடுன அமெரிக்கா டேங்க். போட்டோ பாத்தா சிரிப்ப, டேங்க் மாதிரியே இருக்காது, ரெண்டு மாடி வீட்டுக்கு மேல தண்ணி டேங்க் வச்ச மாதிரி இருக்கும் (எதிர் வீட்டுக்காரர் ஒருவகைல கரெக்டுதான்). மேல சின்ன டரட்ல (அதான் சுத்துற கோபுரம்) 37 மில்லிமீட்டர் கன், கீழ உடம்போட வலது பக்கம் 75 மில்லிமீட்டர் கன். அந்த பெரிய கன் முழுசா சுத்தாது, குறி வைக்கணும்னா வண்டியவே திருப்பணும். அமெரிக்காக்காரன் அவசரத்துக்கு கட்டுன வண்டி, பெரிய கன் வச்ச டரட் வார்க்க அப்ப அவங்ககிட்ட வசதி ரெடியா இல்ல, அதனால பக்கத்துல சொருகிட்டாங்க. ஏரோபிளேனுக்கு போடுற ரேடியல் எஞ்சின உள்ள வச்சதால உயரமும் கூடிப்போச்சு, பத்தடிக்கு மேல. ரஷ்யாவுக்கு இத அனுப்புனப்ப அங்க இருந்தவங்க ஏழு அண்ணன் தம்பிகளுக்கான சவக்குழின்னு பேர் வச்சாங்களாம். ஆனா இதே வண்டி பர்மா பக்கம் வந்தப்ப கதையே வேற. ஜப்பான்காரன்கிட்ட இத ஒடைக்கிற அளவுக்கு பெரிய கன் கம்மி, மலைக்காட்டுல பங்கர் பங்கரா ஒளிஞ்சிருந்தவங்கள அடிக்க அந்த 75தான் கை குடுத்துச்சு.

ஏன் இதுன்னு நீ கேக்க மாட்ட, உனக்குத் தெரியும். எங்க தாத்தா 1942ல ரங்கூன்ல கணக்குப்புள்ள வேலைய போட்டுட்டு, தாமு, பாலேல் வழியா இம்பாலுக்கு நடந்தே வந்தவரு. நம்ம வீட்டுத் திண்ணைல உக்காந்து நீயும்தான் அந்த கதைய கேட்டிருக்க. அவர் நடந்து ரெண்டு வருஷம் கழிச்சு அதே ரோட்டுலதான் இந்த லீ வண்டிங்க ஜப்பான்காரனோட மோதுச்சு. டைகர் எனக்கு யாரு? இது ஒருவகைல நமக்கு ஊருக்கார வண்டி.

கிட் மினிஆர்ட் கம்பெனியோடது. பெட்டியத் தொறந்தா தலை சுத்திடுச்சு மாப்ள, அம்புட்டு பீஸ். லீயோட உடம்பு பூரா ரிவெட்டு. நெசத்துலயும் அதுதான் அதோட வியாதி, வெளிய குண்டு பட்டா ரிவெட்டு தலை பிச்சுக்கிட்டு உள்ள இருக்கவன் மேல பாயும், பின்னாடி வந்த மாடல்கள்ல வெல்டிங்குக்கு மாறுனதுக்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு வந்த தொல்லை வேற மாதிரி, ரெண்டு தகடு சேர்ற எடத்துல பட்டி பூசி உப்புத்தாள் போட்டா கூடவே நாலு ரிவெட்டும் காணாம போயிடும். அப்புறம் வேண்டாத பீஸ்ல இருந்து பிளேடால ரிவெட்டு தலைய சீவி எடுத்து, ஊசி முனைல தொட்டு, ஒவ்வொண்ணா ஒட்டணும். தும்மல் வந்துச்சுன்னா அன்னிக்கு வேலை முடிஞ்சது.

சக்கரத்த சுத்தி ஓடுற செயின் இன்னும் மோசம். ஒரு பக்கத்துக்கு 79 கட்டை, ரெண்டு பக்கமும் 158, ஒவ்வொண்ணையும் கனெக்டர் போட்டு கோக்கணும். ஐபிஎல் பாத்துக்கிட்டே பத்து நாள் கோத்தேன். பழைய நெனப்புல நேரா துரு கலர் அடிக்கப் போனேன், நல்ல வேளை கை நின்னுச்சு, ஏன்னா இந்த வண்டியோட கட்டை ரப்பர். ரப்பர் எங்கடா துருப்புடிக்கும்? பழைய லாரி டயர் மாதிரி வெளுத்துப்போன கருப்புதான் வரணும், ஓரத்துல கட்டைய சேக்குற இரும்பு கனெக்டர் மட்டும்தான் தேஞ்சு மின்னும். இதக்கூட யோசிக்காம செயின் மொத்தத்தையும் தீபாவளி துப்பாக்கி கலர்ல அடிச்சு போட்டோ போடுறவங்கள பாத்தா இப்பல்லாம் எனக்கு கோவம் வருது. கிறுக்கு முத்திப்போச்சு.

பெயிண்டுக்கு ஏர்பிரஷும் குட்டி கம்ப்ரெஸரும் வாங்குனேன், என்ன வெலைன்னு வீட்ல இன்னும் சொல்லல. நம்ம ஊரு காத்துல இருக்க ஈரம் உனக்குத் தெரியும், பாதி அடிக்கிறப்பவே ட்யூப்ல இருந்து தண்ணி கக்குச்சு, பெயிண்ட் மேல பொட்டு பொட்டா அம்மை போட்ட மாதிரி ஆச்சு. தெருமுனை டிங்கரிங் ஷாப்ல பெயிண்டர் அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட போய் கேட்டா சிரிச்சுக்கிட்டே, தண்ணி புடிக்கிற ஃபில்டர் மாட்டு சார், மழை நாள்ல அடிக்காத, கம்ப்ரெஸர தெனமும் தொறந்து விட்டு காலி பண்ணுன்னாரு. அதுக்கப்புறம் அந்த பிரச்சனை வரல.

அடுத்ததுதான் வெதரிங், அதாவது புது பெயிண்ட பழசாக்குறது. காசு குடுத்து புதுசா வாங்கி கஷ்டப்பட்டு பழசாக்குறியேடான்னு அம்மா. மொதல்ல அடியில பிரவுன் அடிச்சேன், காஞ்சதும் அதுமேல பொண்ணோட ஹேர்ஸ்ப்ரே, அதுமேல ஆலிவ் டிராப், அதாவது அமெரிக்கா ஃபேக்டரில இருந்து வந்த பாசிப்பச்சை. அரை மணி நேரம் விட்டு தண்ணி தொட்ட பிரஷால தேச்சா ஹேர்ஸ்ப்ரே கரைஞ்சு மேல் பெயிண்ட் துணுக்கு துணுக்கா உரியும், அடியில பிரவுன் தெரியும், அசல் தேய்மானம் மாதிரியே. முதல் நாள் அந்த சந்தோஷத்துல தேச்சுக்கிட்டே போயிட்டேன். ராத்திரி படுத்தப்பதான் கணக்கு ஒறைச்சுது, மாடல்ல ஒரு மில்லிமீட்டர்னா நெசத்துல மூணரை சென்டிமீட்டர். நான் உரிச்ச துண்டெல்லாம் சாப்பாட்டு தட்டு சைஸ். எந்த டேங்க்லடா தட்டு தட்டா பெயிண்ட் உரியும்? காலைல எந்திரிச்சு பாதிய திரும்ப அடைச்சேன்.

இந்த எடத்துல எனக்கு வாத்தியார் யாருன்னா, எதுத்த மனைல வீடு கட்ட வந்திருந்த ஜேசிபி. நீ சிரிப்ப, ஆனா நான் தெனமும் டீ டம்ளரோட போய் அத சுத்திச் சுத்தி பாத்தேன், டிரைவர் தம்பி நான் ஏதோ வாங்க வந்த பார்ட்டின்னு நெனச்சு வெல சொல்ல ஆரம்பிச்சுட்டான். அதுல பாத்தா கண்ட எடத்துல பெயிண்ட் போகல மாப்ள. டிரைவர் கால் வச்சு ஏறுற படில போயிருக்கு, கை புடிக்கிற கம்பில போயிருக்கு, மண்ணு ஒரசுற பக்கெட் வாய்ல வெள்ளி மாதிரி மின்னுது, மத்த எடமெல்லாம் வெறும் தூசிதான். கிரீஸ் போட்ட எடத்துல மட்டும் தூசி ஒட்டி கருப்பு அப்பம் மாதிரி நிக்குது. சேறு காஞ்சா ஓரம் வெளுக்குது, நடு மட்டும் ஈரமா கருத்து கெடக்குது. டீசல் ஊத்துற மூடிக்கு கீழ வழிஞ்ச கோடு பளபளன்னு இருக்கு. லீ பெட்ரோல் வண்டி, அதனால அங்க அப்படி பளபளப்பு வரக்கூடாது, பெட்ரோல் தூசிய கழுவிட்டு ஆவியா போயிடும், வெறும் கோடுதான் மிஞ்சும். இப்படி ஒவ்வொரு கறைக்கும் ஒரு ஆள், ஒரு காரணம் இருக்கணும்னு அந்த ஜேசிபியப் பாத்துதான் புரிஞ்சுது.

இவ்வளவு புரிஞ்சும் நான் பண்ண முட்டாள்தனத்தக் கேளு. பர்மான்னா மழை, மழைன்னா சேறுன்னு முடிவு பண்ணி, நம்ம ஊர்ல இருந்து அள்ளிட்டு வந்த செம்மண்ண வஸ்திரகாயம் பண்ணி (துணில சலிச்சு), சாம்பலும் சுண்ணாம்பும் கொஞ்சம் சேத்து செவப்ப அடக்கி, ஃபெவிகால்ல கொழைச்சு, சக்கரத்துல இருந்து பாதி உடம்பு வரைக்கும் அப்பிட்டேன். பாக்க பிரமாதமா இருந்துச்சு, போட்டோ எடுத்து உனக்கு அனுப்புறதுக்கே எடுத்து வச்சிருந்தேன். அப்புறம் டெக்கால், அதாவது வண்டி மேல வர்ற நம்பர், குறியோட ஸ்டிக்கர் ஒட்டறதுக்காக இந்த வண்டி எந்த சண்டைல இருந்துச்சுன்னு மறுபடி படிச்சேன். நான் கட்டுனது நுன்ஷிகும் மலைல ஏறுன வண்டி. இம்பால் ஏர்ஃபீல்டுக்கு கொஞ்ச தூரத்துல சமவெளில இருந்து ஆயிரம் அடி நெட்டுக்குத்தா நிக்கிற மலை, ஜப்பான்காரன் உச்சியப் புடிச்சுட்டான். 1944 ஏப்ரல் 13. ஏப்ரல் 13னா என்னடா? பங்குனி முடிஞ்சு சித்திரை பொறக்குற நேரம்! பெருமழை இன்னும் எறங்கல. டேங்க் ஏறுறதுக்கு முன்னாடி பிரிட்டிஷ்காரன் பிளேன்ல வந்து குண்டு வேற போட்டிருக்கான், மலை உச்சி புழுதி மண்டலமா இருந்திருக்கும். நானோ ஆடி மாசத்து சேத்த அப்பி வச்சிருக்கேன்.

மூணு நாள் மனசே கேக்கல. யாருக்குத் தெரியப் போகுதுன்னு ஒரு மனசு, எனக்குத் தெரியுமேன்னு ஒரு மனசு. நாலாவது நாள் வெந்நி, பழைய டூத்பிரஷ், பல்குச்சின்னு உக்காந்துட்டேன். முன்னாடி பக்கம் ஒழுங்கா வந்துச்சு, பக்கவாட்டுல கொஞ்சம் ஆலிவும் சேந்து வந்துச்சு, திரும்ப அடிச்சேன். பின்னாடி எஞ்சின் மேல அப்புனது மட்டும் கல்லு, ஒண்ணும் பண்ண முடியல. டிஷ்யூ பேப்பர ஃபெவிகால் தண்ணில நனைச்சு தார்ப்பாய் மாதிரி சுருட்டி அதுமேல கட்டி வச்சிருக்கேன். வந்தா தூக்கிப் பாக்காத, அங்க மட்டும் இன்னும் மழைக்காலம்தான்.

அப்புறம் அதே மண்ண காஞ்ச பொடியா, மை டப்பா பிரஷால தொட்டுத் தொட்டு, தின்னர் ஒரு சொட்டு விட்டு உக்கார வச்சேன். மேல பரப்புல வெளுப்பு ஜாஸ்தி, ரிவெட்டு இடுக்குல ஆயில் பெயிண்ட் கறுப்பு பிரவுன், மூங்கில் ஒரசுன மாதிரி பக்கவாட்டுல நாலஞ்சு கீறல், அடிமூஞ்சில மட்டும் மலைய முட்டி ஏறுனதால மண்ணு அப்புனது. அவ்ளோதான், அதுக்கு மேல கை வைக்கல. போன தடவைய விட பாக்க சாதாரணமா இருக்கு. ஆனா எனக்கு இதுதான் புடிச்சிருக்கு.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. அந்த மலைல சரிவு அவ்வளவு செங்குத்துங்கறதால உள்ள இருந்து பாத்தா பாதை தெரியல, கமாண்டருங்க தலைய வெளிய நீட்டித்தான் வண்டிய ஏத்தணும். ஜப்பான்காரன் பக்கத்துலயே இருந்தான், ஒவ்வொருத்தரா சுட்டான். 3வது காரபினியர்ஸ்ங்கற பிரிட்டிஷ் டேங்க் படையோட பி ஸ்குவாட்ரன்லயும், கூட ஏறுன இந்திய டோக்ரா காலாட்படை கம்பெனிகள்லயும் இருந்த பிரிட்டிஷ் ஆபீசர் அத்தனை பேரும் செத்தாங்க இல்ல அடிபட்டாங்க. கடைசில கிராடக்னு ஒரு சார்ஜென்ட் மேஜரும் டோக்ரா சுபேதார்களும்தான் சேந்து உச்சியப் புடிச்சாங்க. இன்னிக்கும் அந்த ரெஜிமென்ட்டோட வாரிசுப் படை வருஷா வருஷம் அந்த தேதில பரேடு நடத்துது, அன்னிக்கு ஆபீசர் இல்ல, சார்ஜென்ட் மேஜர்தான் ஸ்குவாட்ரன நடத்துவாரு.

கிட்டோட தனியா ஒரு கமாண்டர் பொம்மையும் வாங்கியிருந்தேன், இடுப்பு வரைக்கும், சுண்டு விரல் நகத்துல பாதிதான் மூஞ்சி. புருவம் வரைக்கும் போட்டுட்டேன். டரட் மூடியத் தொறந்து அத நிக்க வச்சாதான் அந்த தேதிக்கு சரி. நாலு வாரமா அது மேசைமேல பாட்டில் மூடில படுத்துக் கெடக்கு, பசைய கைல எடுக்குறேன், திரும்ப வச்சுடுறேன்.

பொங்கலுக்கு காரைக்குடிக்கு வருவேன், டேங்க டிபன் கேரியர் மாதிரி மடியிலேயே வச்சு ரயில்ல கொண்டாறேன். நீ பாத்துட்டு சொல்லு, ஆள ஒட்டவா, மூடிய சாத்திடவா. தங்கச்சிய நான் வர்ற அன்னிக்கு சீயம் போட்டு வைக்கச் சொல்லு, சுகர் அம்மாவுக்குத்தான், எனக்கு இல்ல.

உன்
முத்து