வாசிப்புக்குக் கூலி வேண்டாம்: பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருமங்கலத்துக்கு அருகிலுள்ள நம் ஊர்ப் பள்ளியில், ஒரு புத்தகம் படித்து முடிக்கும் பிள்ளைக்குப் பத்து ரூபாய் என்று தாங்கள் அறிவித்த திட்டத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். தங்கள் அக்கறையில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அந்தப் பணம் உறுப்பினர்களின் கைக்காசு என்பதையும் அறிவேன்.

மாலை நேரங்களில் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டி வருகிறேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, யானையைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை நான்கு நாள் மடியிலேயே வைத்திருந்தாள், படித்த பக்கத்துக்கே திரும்பிப் போய், "இது பொய்தானே தாத்தா?" என்று என்னோடு மல்லுக்கு நிற்பாள். அறிவிப்பு வந்த வாரம் அவளே அலமாரி முன் நின்று, புத்தகங்களின் தடிமனை விரலால் பார்த்துப் பார்த்து, மெல்லியவையாக ஆறு எடுத்தாள். கையெழுத்து வாங்கியதும் ஓடிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் தாய் மல்லிகை தொடுத்து, கட்டிய அளவுக்குக் கூலி வாங்குபவர். அந்தக் கணக்கு நியாயமானது, ஆனால் அது பூக் கட்டும் வேலைக்கு உரியது.

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு, ஆசையோடு செய்யும் செயலுக்குப் பரிசு பேசினால் அந்த ஆசை குறையுமா என்பதைத்தான் சோதித்தது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையரில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள், வேறு சிலருக்குச் சொல்லாமல், வரைந்த பின் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு எதுவுமில்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, விருப்பம்போல் விளையாடவிட்ட நேரத்தில், முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. பின்னர் உளவியலாளர் எட்வர்ட் டெசியும் அவருடைய சகாக்களும் 128 சோதனைகளைத் தொகுத்து 1999-இல் வெளியிட்ட ஆய்வு, முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கும் பொருள்பரிசு அக ஊக்கத்தை, அதாவது ஒரு செயலை அதன்மேல் உள்ள ஆசைக்காகவே செய்யும் உந்துதலை, குறைக்கிறது என்றும், அக்கேடு கல்லூரி மாணவரைவிடச் சிறு பிள்ளைகளிடம் மிகுதி என்றும் காட்டியது. இம்முடிவை மறுத்து எழுதிய அறிஞர்களும் உண்டு. எனினும் சலிப்பூட்டும் வேலைக்குப் பரிசு தருவதால் கேடில்லை என்பதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆகவே வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய மறுக்கும் பிள்ளைக்குப் புற ஊக்கமாக ஒரு பென்சில் தருவதை நான் எதிர்க்கவில்லை. தானாகவே புத்தகத்தைத் தேடி வரும் பிள்ளைக்கு விலை பேசுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இதுவரை படித்தவர்களுக்குச் சொன்ன தொகையைக் குறைக்காமல் கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள் கொடுத்த வாக்கு தவறக் கூடாது. எஞ்சிய பணத்தில் புத்தகங்கள் வாங்குங்கள். எவை வேண்டும் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். யானைப் புத்தகத்தின் அட்டை பிரிந்து, நடுவில் இரண்டு தாள்களும் போய்விட்டன. வாங்கும் பட்டியலில் அதன் புதுப் பிரதியை முதலில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நூலக வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்